மலையேறும் சாஸ் போத்தல்கள்: பினாங்குக் கூரியர் முகப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகப்புப் பொறுப்பாளர்களே,

வணக்கம். சம்பல், சாஸ் பார்சலை நீட்டினால் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: "கண்ணாடியா?" ஆமென்றால் சிவப்பு ஸ்டிக்கர். லே, லாசா, லா பாஸ் போன்ற உயரமான ஊர்களுக்குப் போகும் போத்தல் உடையாமலே கசியும். அதற்கு ஸ்டிக்கர் என்ன செய்யும்?

பினாங்கில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் சுமார் 66. ஆறிய சாஸை இங்கே ஊற்றி மூடினால், உள்ளே அடைபட்ட காற்று அங்கே 63 மி.மீ. விட்டமுள்ள மூடியை ஏறக்குறைய 11 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளும். மலை வரை போகக்கூட வேண்டாம். விமானச் சரக்கு அறையிலேயே அழுத்தம் 2,400 மீட்டர் உயரத்தின் அளவுக்கு இறங்கலாம்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, சூடாக நிரப்பியதா என்பதை. 85 டிகிரிக்கு மேல் நிரப்பி உடனே மூடினால், மேலே இருக்கும் நீராவி ஆறும்போது குளிர்ந்து நீராகும். உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடியை இழுத்துப் பிடிக்கும். லேயிலும் அந்தப் பிடி ஓரளவு நிற்கும். தகர மூடியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழிந்து அசையாமல் இருந்தால் சரி. 'டொக்' என்று எழும்பினால் திருப்பிக் கொடுங்கள். இதற்கு ஒரு நொடி போதும்.

ஆறவைத்து நிரப்பும் கடலைச் சாஸ், எண்ணெய் மிதக்கும் சம்பல் ஆகியவற்றுக்கு மூடிக்கடியில், போத்தல் வாயில் இண்டக்‌ஷன் முறையில் (மின்காந்தப் புலத்தால் சூடாக்கி) ஒட்டிய அலுமினியத் தாள் வேண்டும். விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தாள் ஒட்டாது. துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். மூடிமேல் சுருங்கும் பிளாஸ்டிக் பட்டை, திறந்தார்களா என்று காட்டும், அவ்வளவுதான், கசிவைத் தடுக்காது. கொதிக்க வைக்காத சின்சாலோக்கை (நொதிக்கவைத்த சிறு இறால்) ஏற்கவே வேண்டாம். அது நொதித்துத் தானே வாயு விடும். உயரம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வாரந்தோறும் அனுப்புபவர்களிடம் ஒரு சோதனையைக் கேட்கலாம். வெற்றிட அறையில் போத்தலைத் தண்ணீருக்குள் படுக்கவைத்து, அளவுமானியில் மைனஸ் 40 கிலோபாஸ்கல் வரை இறக்கி ஒரு மணி நேரம் விட வேண்டும். மூடியோரம் குமிழி வந்தால் அந்த மூடி மலைக்கு ஆகாது.

பெட்டியைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை: இரட்டை அடுக்கு அட்டை, நடுவே தடுப்பு, சுற்றிலும் 5 செ.மீ. மெத்தை. ஒன்று மட்டும்: போத்தலைப் போடும் பிளாஸ்டிக் பையில் காற்றை முழுக்கப் பிழிந்துவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். பையும் பபிள் ராப்பும் உயரத்தில் உப்பும். இடமில்லாத பெட்டியில் அவையே போத்தலை நெருக்கும்.

டிசம்பர், ஜனவரியில் லேக்குப் போகும் தக்காளிச் சாஸ் உறையக்கூடும். நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். கழுத்துவரை நிரப்பிய கண்ணாடி விரிசல் விடும். அந்த மாதங்களில் பிளாஸ்டிக் போத்தலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பினாங்கு சாஸ், சம்பல் தயாரிப்பாளர்கள் சிலர்