பையில் தங்குவது கதிரியக்கம் அல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் மாங்கூழ் கட்டுரையில், 'காமா கதிரில் சுத்தம் செய்த பையில் கதிரியக்கம் தங்கிவிடும்' என்று ஒரு வரி. அதைப் படித்த என் மருமகள் வீட்டிலிருந்த மாம்பழச் சாறு பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டாள். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கூழ் ஆலையின் ஆய்வகத்தில் 26 வருடம் இருந்தவன் வீட்டில்!

கிருமி கொல்லப் பயன்படும் கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் விடுகிற காமா கதிருக்கு பிளாஸ்டிக்கைக் கதிரியக்கப் பொருளாக்கும் அளவுக்கு ஆற்றல் கிடையாது. இதை நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? உங்கள் நிருபர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வீர்களா?

சரி, கவனிக்க வேண்டியது எதுவோ அதையாவது எழுதியிருக்கலாம். மாங்கூழ் நிரப்ப 200 லிட்டர் டிரம்முக்குள் போடும் பிளாஸ்டிக் பையைக் காலியாக இருக்கும்போதே கதிரில் காட்டுவார்கள். உணவுக்குப் பொதுவாக 10 கிலோகிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வரை என்றால், பைக்கு 25 வரைகூடப் போகும். அதில் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலி அங்கங்கே அறுந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஆல்டிஹைடு, கீட்டோன், அமிலம் என்று சில்லறைச் சரக்கெல்லாம் பிறக்கும். பிளாஸ்டிக் கெடாமலிருக்கச் சேர்த்த மருந்தும் உடையும்.

ஒரு சீசனில் வந்த பைகளில் ஊசிப்போன எண்ணெய் வாடை. கதிர் பட்ட பையில் ஒரு துண்டு, படாததில் அதே அளவு ஒரு துண்டு வெட்டி, தனித்தனிக் குப்பியில் அடைத்துச் சூடாக்கினேன். குப்பிக்குள் மேலே நின்ற காற்றை ஊசியால் எடுத்து ஜி.சி. கருவியில் செலுத்தினேன். கலந்திருக்கும் ஆவிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு முகடாக, அதாவது 'பீக்' ஆக, வரைந்து காட்டும் கருவி அது. படாததில் நாலைந்து பீக். பட்டதில் எண்ணி மாளவில்லை. பையில் இருப்பதெல்லாம் கூழுக்குள் இறங்கும் என்று நான் சொல்லவில்லை. அதைத் தனியாக அளக்க வேண்டும், அளக்கலாம் என்றுதான் சொன்னேன்.

மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா? "மைக்ரேஷன் டெஸ்ட் பாஸ் ஆகியிருக்கே, அப்புறம் என்ன?" பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிற சோதனை அது. அதில், பிளாஸ்டிக்கோடு ஊறிய திரவத்தை வற்றக் காய்ச்சி, அடியில் மிஞ்சுவதை எடை போடுவார்கள். கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்குள் இருந்தால் பாஸ். ஆவியாகிற சரக்கு எல்லாம் ஆவியாகிப் போன பிறகு தராசில் என்ன தெரியும்? அந்த லாட்டைத் திருப்பி அனுப்பவில்லை. என்னைத்தான் கிடங்குக்கு அனுப்பினார்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு இல்லாத கதிரியக்கத்தைப் பிடித்துக்கொள்கிறீர்கள். பிளாஸ்டிக் அரிசி என்று எழுதியபோதும் இப்படித்தான். அப்போது மூன்று பக்கம் விளக்கி எழுதினேன். அதில் 'தங்கள் இதழின் நெடுநாள் வாசகன்' என்ற வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். மகிழ்ச்சி.

இம்முறை மூன்று பக்கமெல்லாம் வேண்டாம். 'கதிரியக்கம் என்று அச்சானது தவறு' என்று ஒரே ஒரு வரி போடுங்கள், போதும். இடமில்லையென்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம். என்னுடையது கன்னி, ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்,
கிருஷ்ணகிரி