ஆண்டறிக்கை: வானத்திலிருந்து வந்த படங்களும் நம் மலையும்

நம் கொடைக்கானல் புகைப்படச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கணக்கு வழக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் அது இங்கே இல்லை. மாதக் கூட்டங்கள், மழையில் தள்ளிப்போனவை போக, ஒழுங்காக நடந்தன. பள்ளிப் பிள்ளைகளுக்கான கேமரா வகுப்பும் நடந்தது. இவற்றை இத்தோடு விட்டுவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஆண்டு நாம் உட்கார்ந்து பேச வேண்டியது மே மாதக் கண்காட்சியைப் பற்றித்தான்.

வழக்கமாகக் கோடை விழா சமயத்தில் நம் படங்களையே மாட்டுவோம். தூண் பாறை, பூம்பாறை படிக்கட்டு வயல், பனிமூட்டத்தில் ஏரி. இந்த முறை செயற்குழுவில் வேறு ஒரு யோசனை வந்தது. நம் ஊர்க் குடும்பங்களிலிருந்து வெளிநாடு போன பிள்ளைகள் சிலர் அங்கே பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கி, வார விடுமுறையில் சின்ன விமானம் ஓட்டுகிறார்கள், அவர்கள் மேலிருந்து எடுத்த படங்களைக் கேட்டு வாங்கலாமே என்று. கேட்டோம். அவர்கள் தங்கள் ஃப்ளையிங் கிளப் நண்பர்களிடமும் சொல்லி வாங்கி அனுப்பினார்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் படத்தின் தரம் போய்விடும் என்று மெயிலில் ஒரிஜினல் ஃபைலாகவே வாங்கினோம், பிரின்ட் போடும்போது அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது.

அதிகக் கூட்டம் நின்ற படம் எதுவென்று கண்காட்சிக்கு வந்த எல்லோருக்கும் தெரியும். வெள்ளை மேகத்தின் மேல் விமானத்தின் கருநிழல், அதைச் சுற்றி வண்ண வளையங்கள். விமானிகள் இதை 'குளோரி' என்கிறார்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால், மேகம் எதிரே கீழே என்று அமைந்தால், மேகத்தின் நுண்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், அப்போது நிறங்கள் வளையங்களாகப் பிரியும். விமானம் மேகத்துக்கு நெருக்கமாகப் பறந்தால் நிழல் பெரிதாகத் தெரியும், மேலே போகப் போக நிழல் மறைந்து வளையம் மட்டும் மிஞ்சும். அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கோக்கர்ஸ் வாக்கில் எடுத்த படத்தை மாட்டினோம். மேகத்தில் ஒரு மனித நிழல், தலையைச் சுற்றி அதே வளையம். 1872-இல் போட்ட அந்த நடைபாதையில் இன்றைக்கும் அதிர்ஷ்டம் இருந்தால் அது கிடைக்கும். இரண்டும் ஒரே நிகழ்வு என்று சொன்னதும் சுற்றுலா வந்தவர்கள் பலர் ஹாலிலிருந்து நேராக அங்கே போனார்கள்.

அப்புறம் ஒரு நல்ல விவாதம். வளையத்தின் மையம் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரில், பார்க்கிறவரின் கண்ணின் நிழல் விழும் இடத்தில்தான் அமையும். அப்படியானால் விமான நிழலில் மையம் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே, படம் எடுத்தவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று சொல்லிவிடலாம். மையம் மூக்குப் பக்கம் இருந்தால் முன் சீட், நடுவுக்குத் தள்ளி இருந்தால் பின் சீட். நம்மிடம் வந்த படத்தில் அது இறக்கைக்கு அடியில், கொஞ்சம் முன்னால் இருந்தது. அனுப்பிய தம்பியிடம் கேட்டபோது, தான் ஓட்டியதாகவும் பக்கத்துச் சீட்டில் இருந்த நண்பர் எடுத்ததாகவும் சொன்னார். கோக்கர்ஸ் வாக்கிலும் இதே கதைதான், இரண்டு பேர் தோளோடு தோள் நின்றாலும் அவரவர் தலையைச் சுற்றித்தான் அவரவருக்கு வளையம் தெரியும்.

இன்னொரு படத்தில் காட்சியே கிடையாது, டேஷ்போர்டு மட்டும்தான். அமெரிக்காவில் டெத் வேலியில் ஃபர்னஸ் க்ரீக் என்ற ஓடுதளம் கடல் மட்டத்துக்கு 210 அடி கீழே இருக்கிறது. அங்கே இறங்கி நின்ற விமானத்தின் உயரமானி. 0 முதல் 9 வரை உள்ள வட்டத்தில் நூறடிக்கு ஓர் எண்ணாக நகரும் நீள முள் பூஜ்யத்தைத் தாண்டிப் பின்னுக்குப் போய், 8-ஐ ஒட்டி நிற்கிறது. ஏழாயிரம் அடியில் குடியிருக்கும் நமக்கு அந்த முள்ளைப் பார்க்கவே விசித்திரமாக இருந்தது. இந்த மாதிரி சின்ன விமானங்கள் சாதாரணமாகப் பறக்கும் உயரத்தில்தான் நம் ஊரே உட்கார்ந்திருக்கிறது, பெரியகுளம் பக்கத்துச் சமவெளியை நாம் தினமும் பார்ப்பது கிட்டத்தட்ட அவர்கள் பார்க்கும் கோணத்திலிருந்துதான். இதைக் கண்காட்சியில் எழுதி வைத்திருக்கலாம் என்று பலர் சொன்னார்கள், அடுத்த முறை வைப்போம்.

நியூயார்க் படமும் பேசப்பட்டது. ஹட்சன் ஆற்றின் மேல் 1,300 அடிக்குக் கீழே ஒரு வழி இருக்கிறது, சின்ன விமானங்கள் அதில் வலப்பக்கம் ஒதுங்கி, 140 நாட் (மணிக்குச் சுமார் 260 கி.மீ.) வேகத்துக்கு மிகாமல், சுதந்திர தேவி சிலையைத் தாண்டிப் போகலாம். நம் காட் ரோட்டில் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிக்கிற மாதிரி, இன்ன இடத்தில் இன்ன உயரத்தில் வருகிறேன் என்று ஒவ்வொருவரும் ஒரே அலைவரிசையில் அறிவித்துக்கொண்டே போக வேண்டும். சிலையின் தீப்பந்தம் கீழே இருந்து பார்த்தால் அண்ணாந்து பார்க்க வேண்டிய ஒன்று, அந்தப் படத்தில் அது நமக்குக் கீழே இருக்கிறது.

எப்படி எடுக்கிறார்கள் என்பதற்கு ஒரு மாதக் கூட்டத்தையே ஒதுக்கினோம், வீடியோ காலில் இரண்டு பேர் பேசினார்கள். செஸ்னா 172 என்ற நாலு பேர் உட்காரும் சின்ன விமானத்துக்கு இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்வை தடைபடாது. ஓட்டுபவர் பக்கத்து ஜன்னலைப் பறக்கும்போதே திறக்கலாம், அப்போது கண்ணாடிப் பிரதிபலிப்புத் தொல்லை இல்லை. மூடிய ஜன்னல் வழியாக எடுத்தால் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும், லென்ஸை ஜன்னலில் சாய்க்கக் கூடாது, என்ஜின் அதிர்வு முழுக்க படத்தில் ஏறிவிடும். பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் போட்டால் பிளாஸ்டிக் ஜன்னலில் எண்ணெய் படிந்த மாதிரி வண்ணத் திட்டுகள் வரும். போனில் எடுத்தால் புரொபெல்லர் வளைந்து துண்டு துண்டாகத் தெரிவது ஏன் என்று நம் இளைஞர்கள் கேட்டார்கள், சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதற்குள் புரொபெல்லர் சுற்றிவிடுகிறது, அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமாக அவர்கள் சொன்னது, ஓட்டுகிறவர் படம் எடுக்கக் கூடாது, எடுக்க ஆள் வேறு வேண்டும் என்பது. அலாஸ்காவில் கீழே மூஸ் மான் தெரிகிறதே என்று தாழ்வாக வட்டமடித்து, கண் முழுக்க மான் மேல் இருக்க, வேகம் குறைந்து விமானம் விழுந்த விபத்துகள் பல. அதற்கென்றே விமானிகளிடம் ஒரு பெயர் உண்டு, மூஸ் ஸ்டால். ஸ்டால் என்றால் இறக்கை விமானத்தைத் தூக்கும் சக்தியை இழப்பது. நம் பாறை விளிம்புகளில் கேமராவோடு நிற்கிற எல்லோரும் இதைக் கேட்டிருக்க வேண்டும். டால்பின் நோஸில் பின்னால் பார்க்காமல் அடி எடுத்து வைக்கிற பழக்கம் நம்மிலும் சிலருக்கு இருக்கிறது, தயவுசெய்து விடுங்கள்.

ஆனால் எனக்கு இந்தப் படங்களில் பிடித்துப்போனது அழகு மட்டுமில்லை. நாங்கள் கேட்காமலேயே, ஒவ்வொரு படத்தோடும் தேதி, நேரம், உயரம், விமானம் போய்க்கொண்டிருந்த திசை எல்லாம் எழுதி வந்தது. விமானிகளுக்கு லாக் புக், அதாவது பறந்த விவரப் பதிவேடு, எழுதுவது கட்டாயம், அந்தப் பழக்கம் படத்துக்கும் வந்துவிடுகிறது. 2024 ஏப்ரல் 8 முழு கிரகணத்தில் நிலவின் நிழல் மேகங்களின் மேல் ஓடுவதை எடுத்தவர் நொடி வரை குறித்திருந்தார்.

அந்தக் கிரகணப் படத்தின் முன்னால் நின்றபோது நம் ஊர் சூரிய ஆய்வகம்தான் நினைவுக்கு வந்தது. 1899-இல் தொடங்கி, நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கும் இடம். அங்கே பணியாற்றிய விஞ்ஞானி எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டுபிடித்ததும் இங்கேதான். அந்தப் படங்கள் பதிந்த பழைய கண்ணாடித் தகடுகளை இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் தேடி வருவது எதனால்? ஒவ்வொன்றும் எந்த நாளில் எடுத்தது என்று தெரிவதால்தான். சூரியன் தினமும் ஒரே மாதிரித்தான் தெரியும் என்று நினைத்துக் குறிக்காமல் விட்டிருந்தால் அவ்வளவும் வெறும் கண்ணாடி.

நம்மிடம் இருக்கும் பழைய படங்களைப் பாருங்கள். வீட்டுப் பெட்டிகளில் எத்தனையோ அருமையான படங்கள், மலைச்சரிவு, புல்வெளி, சோலை, ஆனால் எங்கே நின்று எந்த ஆண்டு எடுத்தது என்று பாதிக்கு மேல் தெரியாது. வானத்திலிருந்து எடுத்தவை நமக்குக் கிடையவே கிடையாது எனலாம். 1937-ஆம் ஆண்டு விமான விதிகளே பறக்கும் விமானத்திலிருந்து படமெடுக்க எழுத்துப்பூர்வ அனுமதி கேட்டன, நம் நாட்டில் சொந்தமாக விமானம் ஓட்டுபவர்களும் சிலர்தான். அதனால் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்), பைன், யூகலிப்டஸ் மரங்கள் வருவதற்கு முன் நம் புல்வெளி எவ்வளவு பரந்திருந்தது என்பதைக் காட்ட, மற்ற நாடுகளில் இருப்பதைப் போல, பொழுதுபோக்கு விமானிகளின் ஆல்பம் எதுவும் நம்மிடம் இல்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

டிரோன் வாங்கிப் பறக்கவிடலாமே என்று சிலர் கேட்டீர்கள். நம்மைச் சுற்றிப் பெரும்பகுதி 2013 முதல் வனவிலங்கு சரணாலயம். அனுமதி இல்லாமல் காட்டின் மேல் டிரோன் விடுவதைச் சங்கம் ஆதரிக்காது, அப்படி எடுத்த படத்தைச் சுவரில் மாட்டவும் மாட்டாது. செயற்குழு இதை ஒருமனதாக முடிவு செய்தது.

சரி, நமக்கு விமானம் இல்லை, ஆனால் மலை இருக்கிறது. இங்கிலாந்து வயல் படம் ஒன்று வந்ததே, மண்ணுக்கடியில் புதைந்த பழைய சுவரின் மேல் பயிர் சீக்கிரம் மஞ்சளாகி, கட்டடத்தின் கோடுகள் அப்படியே மேலே தெரிந்த படம், அதைப் பார்த்துவிட்டுத் தாண்டிக்குடி உறுப்பினர் ஒருவர், அங்குள்ள கல்திட்டைகளை (பழங்காலக் கல் ஈமச் சின்னங்களை) காலைச் சாய்வெயிலில் எதிர்ச்சரிவிலிருந்து எடுக்கப்போவதாகச் சொன்னார். நிழல் நீளமாக விழும்போதுதான் தரையின் மேடு பள்ளம் தெரியும் என்பது வானத்துக்கும் மலைக்கும் பொது. நல்ல வேலை, முதல் படங்களை ஜூலைக் கூட்டத்தில் பார்க்கலாம்.

அதையே எல்லோரும் செய்ய வேண்டும் என்பது செயற்குழுவின் முன்மொழிவு. கூக்கால், மன்னவனூர், பெருமாள்மலை, பேரிஜம் போகும் வழி என்று மேலிருந்து பார்வை கிடைக்கும் சில இடங்களை இப்போதே குறித்துக்கொண்டு, ஒவ்வொரு ஆண்டும் அதே இடத்தில், அதே லென்ஸில், அதே மாதத்தில் எடுப்பது. வனத்துறை அனுமதி தேவைப்படும் இடங்களுக்கு நானே மனு எழுதுகிறேன். குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. பூக்கும் ஆண்டில் எல்லோரும் கேமராவோடு ஓடிவருவார்கள், அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்தச் சரிவு எப்படி இருந்தது என்பதை நாம்தான் எடுத்து வைக்க முடியும்.

அடுத்த கண்காட்சி முதல், பின்பக்கம் தேதி, நேரம், நின்ற இடம், திசை நான்கும் எழுதாத படம் ஏற்கப்படாது, செயலாளர் படமானாலும் சரி. பழைய படம் வைத்திருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டுக் குறித்து வையுங்கள், ஞாபகம் இருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

படம் அனுப்பிய விமானிகளுக்கும், பிரின்டைச் சலுகை விலையில் போட்டுக் கொடுத்த கடைக்காரருக்கும், ஹால் கொடுத்த பள்ளிக்கும், மழையில் நனைந்தபடி பேனல் சுமந்த தம்பிகளுக்கும் நன்றி. அறிக்கையையும் மேற்சொன்ன முன்மொழிவையும் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்