ஏழாவது பரோட்டாவும் நான்கு நட்சத்திரங்களும்

அன்புள்ள சம்பத்துக்கு,

உன் இரண்டு கடிதங்களும் மேஜைமேல் கிடந்து என்னை முறைக்கின்றன. கார்த்திகையில் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்காதே, எழுதாதே, குனியாதே என்று கமலா ஒரு மாதம் காவல் இருந்தாள். இப்போது நலம். உன் மூட்டுவலி எப்படி? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் பேரனுடைய குட்டித் தொலைநோக்கியை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போனேன். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டைக்குப் பக்கத்தில் ஒரு மங்கல், நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகம், இருக்குமே, இத்தனை வருஷமாக எனக்கு அது எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு மாதிரிதான் தெரிந்தது. இந்த முறை அதற்குள் நான்கு புள்ளிகள், அச்சு அசலாகச் சரிவகம்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொட்டு மருந்து என்று கமலாவிடம் சொல்லிவிட்டேன்.

சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவு. நால்வரில் பிரகாசமானவனின் எடை 30 சூரியனுக்கு மேல். அன்றிலிருந்து தூக்கமில்லை எனக்கு. இவ்வளவு பெரியவன் எப்படி உருவானான்?

நம் சூரியன் போன்றவை சுற்றியுள்ள வாயுவை வயிறாரச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அடுப்பு மூட்டும், அதாவது ஹைட்ரஜனை எரிக்கத் தொடங்கும். பெரியவனுக்குப் பொறுமை கிடையாது. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே எரிய ஆரம்பிக்கிறான். அந்த வெளிச்சம், விழுந்துகொண்டிருக்கும் வாயுவோடு கலந்த தூசியில் மோதி வெளியே தள்ளுகிறது. தூசி போனால் வாயுவும் கூடவே போகும். தன் சோற்றைத் தானே ஊதித் தள்ளுகிறான்! 1974இல் ஃபிரான்ஸ் கான் என்ற வானியலாளர் கணக்குப் போட்டு, 40 சூரியன் எடையோடு கதை முடிந்தது, அதற்கு மேல் வளர முடியாது என்றார். ஆனால் வானத்தில் அதைவிடப் பெரியவை இருக்கின்றனவே. நம் முருகேசன் ஏழாவது பரோட்டா கேட்ட ராத்திரி நினைவிருக்கிறதா? இவனும் அந்த ஜாதிதான்.

கான், வாயு எல்லாப் பக்கமும் சமமாக விழுவதாக வைத்துக்கொண்டார், அங்கேதான் இடித்தது. மேகம் சுழல்வதால் வாயு தட்டையான வட்டாகி இடுப்புப் பக்கம் வழியாக உள்ளே வருகிறது. வெளிச்சமோ தடை குறைந்த வழியாகப் பார்த்து, துருவங்கள் பக்கம் குமிழி ஊதிக்கொண்டு வெளியேறுகிறது. 2009இல் மார்க் குரும்ஹோல்ஸ் என்ற வானியலாளரின் குழு 100 சூரியன் எடையுள்ள வாயுவைக் கணினிக்குள் விழவிட்டுப் பார்த்தது. குமிழியின் சுவரைப் பிய்த்துக்கொண்டு வாயு விரல் விரலாக வழிந்ததாம். கடைசியில் கிடைத்தது ஒன்றல்ல, ஜோடி: ஒன்று 41 சூரியன், இன்னொன்று 29. எனக்குப் பிடித்தது இதுதான். தள்ளுவதும் விழுவதும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு வழியில்.

பிடிக்காததும் ஒன்று உண்டு. அந்தப் பிரகாசக்காரனைச் சுற்றி இளம் குட்டி நட்சத்திரங்கள் நிறைய. கிரகங்கள் உண்டாக வேண்டிய அவற்றின் வட்டுகளை இவன் வெளிச்சம் கரைத்துக்கொண்டிருக்கிறது. படித்ததும் உன் அண்ணன் ஞாபகம் வந்தது. எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

மாசி முடிவதற்குள் வா. அப்புறம் ஓரியன் மேற்கே சாய்ந்துவிடும். படி ஏற முடியாவிட்டால் தொலைநோக்கியை வாசலுக்கு இறக்கிவிடலாம். பரோட்டாக் கடை இன்னும் இருக்கிறது, நாம் இரண்டோடு நிறுத்திக்கொள்வோம்.

உன்,
ராமு