எந்தக் கிளையில் இருந்தார் அவர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசியலுக்கு வரும் இளைஞர்களுக்கு யோசனை சொல்லி சென்ற இதழில் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். "கிளை அளவில் நேர்மையாக உழைப்பவரை எந்தக் கட்சியும் கைவிடாது" என்று அதில் ஒரு வரி. எழுதியவர் எந்தக் கிளையில் இருந்தார் என்றும் போட்டிருக்கலாம். ஒரு நடை போய்க் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் கிளைச் செயலாளராக இருந்தவன். எந்தக் கட்சி என்பது வேண்டாம். 2016 உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒன்றியக் கவுன்சிலர் சீட் கேட்டு விருப்ப மனு கொடுத்துப் பணமும் கட்டினேன். தேர்தலையே உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. சரி, அதற்குக் கட்சி என்ன செய்யும்? 2019 டிசம்பரில் தேர்தல் வந்ததும் பழைய ரசீதைக் கொண்டுபோய் நீட்டினேன். "அது அந்தத் தேர்தலுக்குண்ணே" என்று சொல்லிப் புது ரசீது கிழித்தார்கள். மறுபடி கட்டினேன். நேர்காணலில் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவு செலவு பண்ணுவீங்க?" இத்தனைக்கும் அந்தப் பதவிக்கு அரசாங்கம் கேட்ட டெபாசிட் 600 ரூபாய்.

சீட் வாங்கியவர் ஆடி மாதம் வரை எதிர்க்கட்சித் துண்டு போட்டிருந்தவர். கார்த்திகையில் அவர் எங்கள் வேட்பாளர். அவருக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டதும் நான்தான். ஜெயித்தார். 2020 ஜனவரியில் ஒன்றியத் தலைவரைக் கவுன்சிலர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலுக்கு முன்பு அவர்களை வேனில் ஏற்றி ஒரு லாட்ஜில் இறக்கினார்கள். 2017-இல் எம்.எல்.ஏ.க்களை விடுதியில் அடைத்து வைத்த கூவத்தூரை நாடே பார்த்ததல்லவா, அது எங்கள் ஒன்றியம் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. கவுன்சிலர்களின் செல்போன்களை வாங்கி மஞ்சப்பையில் போட்டுக் காவல் காக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். விடிய விடிய அந்தப் பைக்குள் முருகன் பாட்டும் குத்துப்பாட்டும் மாறி மாறி அடித்தன. வீட்டுக்காரம்மாக்கள் கூப்பிடுகிறார்கள், எடுக்கக் கூடாது. என் கட்சி வாழ்வில் நான் வகித்த மிக உயர்ந்த பொறுப்பு அதுதான். தங்களுக்குத் தெரியாததா? உங்கள் நிருபரும் அந்த லாட்ஜ் வாசலில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். கவுன்சிலர்கள் கோயில் சுற்றுலா போனதாக உங்கள் இதழில் செய்தி வந்தது.

அதனால், அந்த வரியை நம்பி எந்தப் பிள்ளையும் கொடிக்கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போய்விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். தம்பி, முதலில் வேறு கட்சியில் சேர். அங்கே நாலு கூட்டத்தில் எங்கள் தலைவரைத் திட்டு. அப்புறம் ஆள் கூட்டிக்கொண்டு இங்கே வா. சால்வை, மேடை, பதவி மூன்றும் ஒரே நாளில் நடக்கும். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-லேயே வந்துவிட்டதே என்று பயப்படாதே. அது எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கு. அவர்களுக்கும்கூடத் தனியாகப் போனால்தான் தாவல். மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து போனால் அதற்குப் பெயர் இணைப்பு. ஃபிளெக்ஸில் தலைவர் படத்தைவிட மாவட்டம், அதாவது மாவட்டச் செயலாளர், படம் ஒரு சுற்றுதான் சிறிதாக இருக்க வேண்டும். உன் படம் கீழே, கும்பிட்டபடி. ரத்த தான முகாம் நடத்துவதென்றால் ரத்தம் கொடுப்பவனாக இருக்காதே, தொடங்கி வைப்பவருக்குப் பக்கத்தில் நில். நாங்கள் நடத்திய முகாமின் படத்தை உங்கள் இதழில் போட்டபோது படுத்திருந்தவர்களை வெட்டிவிட்டு, குனிந்து பார்த்தவர்களை மட்டும் வைத்திருந்தீர்கள். கேட்டு ஒரு கடிதம் போட்டேன். அதுவும் வரவில்லை.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது தப்பில்லையா என்று அந்தப் பிள்ளை கேட்கக்கூடும். 2009-இல் திருமங்கலம் இடைத்தேர்தல் நடந்து 'திருமங்கலம் ஃபார்முலா' என்று ஒரு பெயரே நிலைத்துவிட்டது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர், 2019-இல் வேலூர் என்று பணப் புகாரில் தேர்தல் ஆணையமே தேர்தலை நிறுத்தியது. அதனால் யாருடைய அரசியல் முடிந்துபோனது என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு பெயர் சொல்லட்டும். எங்கள் ஊராட்சிகளில் 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து, ஜெயித்தவர்கள் இடத்தில் நிர்வாகம் பார்க்க அரசு அதிகாரிகள் தனி அலுவலர்களாக வந்தார்கள். அதற்கு நீங்கள் ஒதுக்கிய இடம் ஒரு பத்தி. மாவட்டத்தின் மகன் பிறந்தநாளுக்கு ஒரு முழுப் பக்கம்.

தங்களை மனம் நோகச் செய்வது என் எண்ணமல்ல. பல வருடமாகச் சந்தா கட்டிப் படிப்பவன். கேட்பது ஒன்றுதான். அந்தக் கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, எந்தப் பதவிக்கு அரசாங்க டெபாசிட் எவ்வளவு, எந்தக் கட்சி விருப்ப மனுவுக்கு எவ்வளவு வாங்குகிறது, அதில் எது திரும்ப வரும் என்று பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இடம் இல்லையென்றால் அந்தப் பிறந்தநாள் விளம்பரத்தில் இரண்டு அங்குலம் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
முன்னாள் கிளைச் செயலாளர்,
திருவாரூர் மாவட்டம்