கஞ்சா வழக்குகளில் எழுதாத மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவுத் தாளில்) சாட்சிக் கையெழுத்து வாங்குவதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்: மளிகைக் கடை உரிமையாளர், பேருந்து நிலையம் எதிரில்.

பெறுநர்: உயர்திரு உள்துறைச் செயலாளர் அவர்கள், தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

ஐயா,

வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத் தெருவில் கஞ்சா விற்பவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். கடந்த ஆண்டு கைதான அவர், சென்ற மாதம் விடுதலையாகி வந்துவிட்டார். அந்த விடுதலைக்கு நானும் ஒரு காரணம் என்பதால் இதை எழுதுகிறேன்.

அவர் கைதான மறுநாள் காலை, ஒரு காவலர் கடைக்கு வந்து எழுதாத தாள்கள் இரண்டை நீட்டினார். "ஒரு கையெழுத்துதான் அண்ணாச்சி" என்றார். போட்டேன். தினமும் முகம் பார்க்கும் மனிதரிடம் எப்படி மறுப்பது? கூண்டில் ஏறிய பிறகுதான் அவற்றில் என்ன எழுதினார்கள் என்பது தெரிந்தது. முந்தைய நாள் மாலை என் கண்முன் பையைத் திறந்தார்களாம். என் கடைத் தராசில் 1 கிலோ 150 கிராம் இருந்ததாம். அந்த வாரம் முழுவதும் என் தராசு முத்திரை வைக்கப் போயிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், உள்ளதைச் சொன்னேன். பிறழ் சாட்சி என்று அறிவித்துவிட்டார்கள்.

தீர்ப்பு நகலை வாங்கிப் படித்தேன். கஞ்சா 1 கிலோ வரை சிறு அளவு, அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. அதைத் தாண்டி, 20 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் 10 ஆண்டு வரை. வழக்கின் உயிரே அந்த 150 கிராமில் இருந்தது. அதை எடை போட்டதற்கோ ஆதாரம் இல்லை. பொருள் ஒருவர் வசம் இருந்தது என்று நிரூபித்துவிட்டால், தனக்குத் தெரியாது என்று காட்டும் சுமையைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 35, 54 பிரிவுகள் அவர் தலையில் வைக்கின்றன. இவர்கள் அந்த முதல் படியிலேயே வழுக்கிவிட்டார்கள். நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 52-ஏ பிரிவு. 2016இல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. இங்கே காவல் நிலையத்திலேயே பொட்டலம் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி, சோதனையையும் கைப்பற்றுதலையும் சாட்சி கையெழுத்திடுவதையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். கைப்பேசியே போதும். அந்தப் பதிவு இருந்தால் என்னைப் போன்றவர்களின் கையெழுத்தை மறுநாள் தேடி வரத் தேவையில்லை.

எனவே, அந்தப் பதிவும் நடுவர் முன் எடுத்த மாதிரியும் இல்லாத கஞ்சா வழக்குகளின் குற்றப்பத்திரிகையை, கண்காணிப்பாளர் நிலையிலேயே திருப்பி அனுப்ப உத்தரவிட வேண்டுகிறேன். எழுதாத தாளில் கையெழுத்து வாங்குவோர் மீது துறை நடவடிக்கை எடுக்கவும் கோருகிறேன்.

தீர்ப்பு நகலும் தராசின் முத்திரைச் சான்று நகலும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
மனுதாரர்