புற்றுநோய் வந்து போனவர்களுக்கு முதுகு வலித்தால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது, இனி பயமில்லை என்றுதான் இருந்தோம். போன ஐப்பசியில் நடு முதுகு வலிக்கிறது என்றார். தண்ணீர்க் குடம் தூக்கியதால் இருக்கும் என்று தைலம் தேய்த்தோம். பக்கத்து கிளினிக்கில் வாயு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். பழைய நோயைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. உட்கார்ந்தால் பரவாயில்லை, படுத்தால்தான் உயிர் போகிறது என்று ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்தே தூங்கினார். அது சாதாரண வலி இல்லை என்று எங்களுக்குத் தெரியாது.

ஐந்து வாரம் இப்படியே போனது. ஒருநாள் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் என்னோடு நடந்து வந்தவர் காலைப் பார்த்தால் ஒரு செருப்புதான் இருந்தது, இன்னொன்று பத்தடி பின்னால் கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையிலிருந்து சிறுநீரும் போகவில்லை, அப்புறம்தான் அலறியடித்துக்கொண்டு புதுச்சேரிக்கு ஓடினோம்.

அங்கே போன பிறகுதான் விஷயம் புரிந்தது. மார்பகம், நுரையீரல், புரோஸ்டேட் புற்றுநோய்கள் முதுகெலும்புக்குப் பரவுவது சகஜமாம். எலும்பில் வளரும் கட்டி, உள்ளே இருக்கும், காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நரம்புகள் போகும் தண்டுவடத்தை நெரித்துவிடும். முழு முதுகுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடும். வீக்கம் குறைய டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்து, உடனே கதிர்வீச்சோ ஆபரேஷனோ செய்கிறார்கள். சிலருக்கு ஒரே தடவை, 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு கதிர்வீச்சு கொடுத்தாலே போதுமாம். 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஆபரேஷனுக்குத் தகுந்தவர்களாகப் பார்த்து எடுத்ததில், ஆபரேஷனும் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் சிகிச்சைக்குப் பிறகு நடந்தார்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் நேரம்தான். நடந்து வருபவர்கள் பெரும்பாலும் நடையைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள், கால் முழுசாக விழுந்த பிறகு வந்தால் திரும்ப எழுந்து நடப்பது ரொம்பக் கஷ்டம். கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான், அங்கே கதிர்வீச்சு வசதியும் இருக்கிறது. நாங்கள் வீட்டில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

கேட்பது இதுதான். புற்றுநோய் சிகிச்சை முடித்து அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில் தமிழில் நான்கு வரி அச்சடித்துக் கொடுங்கள்: புதிதாக முதுகுவலி, படுத்தாலும் இருமினாலும் அதிகமாகும் வலி, மார்பைச் சுற்றிப் பட்டை கட்டியது போல இறுக்கம் இருந்தால் காத்திருக்காமல் வாருங்கள், கால் மரத்தாலோ தளர்ந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே வாருங்கள். கிளினிக்கிலும் பிசியோதெரபியிலும் முதுகுவலி என்று வருபவரிடம் முன்பு புற்றுநோய் இருந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அம்மா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வருகிறார். எங்கள் தெருவில் கீமோ முடித்தவர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர் முதுநகர்