வாரந்தோறும் நாடக வகுப்பு: எங்கள் பள்ளிக்கு உங்கள் துணை வேண்டும்

அன்புடையீர்,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு வட்டாரத்தில் உள்ள எங்கள் கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில், வரும் ஜூன் மாதம் முதல் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு நாடகத்தின் வழியே பாடம் நடத்தும் வகுப்பை முறையாகத் தொடங்க இருக்கிறோம். அதற்கு நன்கொடை கேட்டே இந்தக் கடிதம். பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர்களும், முன்னாள் மாணவர்களும், ஊரைச் சேர்ந்த கூத்துக் கலைஞர்களும் சேர்ந்து அமைத்த குழு எங்களுடையது.

இது ஆண்டு விழா நாடகத்துக்கான வசூல் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆண்டு விழாவில், ஏற்கெனவே நன்றாகப் பேசத் தெரிந்த சில பிள்ளைகள் மேடை ஏறுவார்கள்; மற்றவர்கள் கீழே உட்கார்ந்து கைதட்டுவார்கள். எங்கள் அக்கறை எல்லாம் கீழே உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான். விடை தெரிந்திருந்தும் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நின்று தரையைப் பார்க்கும் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் வகுப்புக்கு வகுப்பு இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறக்க வேண்டும். மேடையில் அல்ல, பாடவேளையில்.

கடந்த கல்வியாண்டில் பள்ளியின் ஆசிரியர்களே இதைச் சிறிய அளவில் செய்து பார்த்தார்கள். தமிழாசிரியை, கண்ணகி வழக்குரைக்கும் கதையை எடுத்துக்கொண்டார். வசனம் எதுவும் எழுதித் தரவில்லை. கதையைச் சொல்லிவிட்டு, பாண்டியன், கோப்பெருந்தேவி, பொற்கொல்லன், காவலர் என்று பிள்ளைகளைப் பிரித்து நிறுத்தினார். கூத்தில் வேடம் சபைக்கு வந்ததும் கட்டியங்காரன் எதிரே நின்று, தாங்கள் யார், எந்த நாடு, வந்த காரியம் என்ன என்று கேட்பான் அல்லவா? அப்படி ஒரு கட்டியங்காரனை வகுப்பிலும் வைத்தார். யாரிடமும் எதையும் கேட்கும் உரிமை அந்த வேடத்துக்கு உண்டு; கேட்கப்பட்டவர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

கட்டியங்காரனாக நின்ற சிறுமி மன்னனை விட்டுவிட்டு நேரே பொற்கொல்லனிடம் போனாள். “இவன்தான் திருடினான் என்று உனக்கு எப்படித் தெரியும்? நீ கண்ணால் பார்த்தாயா?” பொற்கொல்லன் விழித்தான். அடுத்து காவலனிடம் திரும்பினாள். “அவன் முகத்தைப் பார்த்தாயே, கள்வன் முகமாகவா இருந்தது?” காவலனாக நின்றவன் வகுப்பில் அதிகம் பேசாத பையன். சற்று நேரம் கழித்து, “இல்லை. ஆனால் அரசர் ஆணையிட்டால் நான் என்ன செய்ய முடியும்?” என்றான். அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடத் தொடங்கிவிட்டது. ஆணைக்குக் கீழ்ப்படிந்தவன் குற்றவாளியா இல்லையா என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள்தான் ஆசிரியை சிலப்பதிகாரத்தைத் திறந்தார். கோவலனை நேரில் பார்த்த காவலர்கள் ‘இவன் கொலைப்படு மகன் அலன்’ என்று சொன்னதும், பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே கள்வர்க்குத் துணையாகும் மந்திரம், தெய்வம், மருந்து என்று எட்டை அடுக்கி அவர்கள் மனத்தைக் கலைத்ததும் கொலைக்களக் காதையிலேயே இருக்கின்றன. தாங்கள் எழுப்பிய கேள்வியை இளங்கோவடிகளும் எழுப்பியிருக்கிறார் என்று தெரிந்தபோது, பழைய செய்யுள் என்ற பயம் பிள்ளைகளிடம் பாதி போய்விட்டது. பொருள் கேட்டுக் கேட்டுப் படித்தார்கள்.

அறிவியலிலும் ஒரு பாடம் நடந்தது. திடலில் சுண்ணாம்புப் பொடியால் இதயத்தின் நான்கு அறைகளையும் நுரையீரல்களையும் பெரிதாக வரைந்தார்கள். வாயில்களில் இருவர் இருவராக நின்று வால்வு ஆனார்கள். போகவிடுவார்கள், திரும்ப விடமாட்டார்கள். நீலத் தாளோடு வலது ஆரிக்கிளில் நுழைந்த பிள்ளைகள் வலது வெண்ட்ரிக்கிள் வழியாக நுரையீரலுக்கு ஓடி, நீலத்தைக் கொடுத்துச் சிவப்பை வாங்கி, இடப்பக்க அறைகளைக் கடந்து உடலுக்குப் போனார்கள். தமனி என்றாலே நல்ல இரத்தம் என்று மனப்பாடம் செய்பவர்கள் நுரையீரல் தமனியில் தடுமாறுவது வழக்கம். கையில் நீலத் தாளோடு அந்த வழியே ஓடியவர்கள் தடுமாறவில்லை.

நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பெல்கிரேட் நாடக அரங்கின் கலைஞர்கள் 1965-இலேயே பள்ளிகளுக்குள் சென்று இப்படிப் பாடம் நடத்தினார்கள். டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி 1989-இல் கல்விக்கென்றே ஒரு நாடகக் குழுவைத் தொடங்கியது. இலங்கையில் நாடகமும் அரங்கியலும் உயர்தரப் பரீட்சைக்கு உரிய பாடம். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே நாடகங்கள் எழுதினார். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தபோது வீதி நாடகமும் உடன் வந்ததை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இவற்றையெல்லாம் விட எங்களுக்கு அருகில் இருப்பது கூத்து. கூத்துக் கலைஞர் புரிசைக் கண்ணப்பத் தம்பிரானை அறியாதவர் இந்த வட்டாரத்தில் இல்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பெ. ராஜகோபால் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒரே கூரையின் கீழ் கற்றுத் தந்தது. ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் பிள்ளைகளுக்கும் பயிற்றுவித்தது. இத்தனை வளம் சுற்றியிருந்தும், மகாபாரதக் கதையைக் கூத்தாக ஆடும் பாரத விழாவில் விடிய விடிய அர்ச்சுனன் தபசு பார்க்கும் பிள்ளை, காலையில் பள்ளிக்குள் நுழையும்போது அதையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டியிருக்கிறது. இந்த நிலை மாறவேண்டும் என்பதுதான் எங்கள் முழு நோக்கம்.

கூத்துப் பழகினால் படிப்பு கெட்டுவிடும் என்று சில பெற்றோர் தயங்கினார்கள். அந்தப் பயத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைப்பவர்களுக்கு அந்தக் கவலை நியாயமானது. எனவே பாடத்திட்டத்துக்கு வெளியே எதையும் வைக்கப் போவதில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள். அன்றைய தமிழ், அறிவியல், சமூக அறிவியல் பாடமே அதன் பொருள். தயங்கிய பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். தன் மகள் எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்டதை ஒரு தாய் வந்து பார்த்தார். இப்போது அவரும் எங்கள் குழுவில் இருக்கிறார்.

இனிச் செலவு. பெரிய பகுதி கொட்டகைக்கு. இப்போது மரத்தடியில்தான் நடத்துகிறோம். வெயில் ஏறினால் நிற்க முடியாது, மழை வந்தால் அன்றைய வகுப்பு இல்லை. வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கி நடத்தினால் அடுத்த அறையில் பாடம் கெடுகிறது. நாற்பது அடிக்கு முப்பது அடியில், தகரக் கூரையும் சிமெண்ட் தரையும் கொண்ட, சுவர் இல்லாத கொட்டகைக்கு ரூ. 3,20,000 ஆகும் என்று கொத்தனார் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறார். மேடை கட்டப் போவதில்லை. மேடை வந்தால் ஏறுபவர், பார்ப்பவர் என்று பிள்ளைகள் மறுபடி பிரிந்துவிடுவார்கள்.

நாடகம் பயின்ற ஓர் ஆசிரியரை முழுநேரமாக அமர்த்த, மாதம் ரூ. 18,000 வீதம் பத்து மாதத்துக்கு ரூ. 1,80,000 வேண்டும். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளி போன்ற இடங்களில் படித்து வெளியேறும் இளைஞர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க எண்ணியிருக்கிறோம். அவரோடு வாரம் ஒரு நாள் எங்கள் ஊர்க் கூத்துக் கலைஞர் ஒருவர் வருவார், நாளுக்கு ரூ. 1,200, முப்பத்தாறு வாரங்களுக்கு ரூ. 43,200. இந்தத் தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறைப்பதில்லை என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம். பங்குனி தொடங்கிப் பாரத விழாக்கள் இருக்கும் வரை கலைஞருக்கு வேலை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டில் அடுப்பெரிய வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. கற்றுக்கொடுக்க வருபவருக்கு மரியாதை என்பது சால்வையோடு முடிந்துவிடக் கூடாது.

மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை என்னும் ஊதுகுழல், தாளம் வாங்க ரூ. 45,000, பள்ளி ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி முகாம் நடத்த ரூ. 40,000, பிள்ளைகளே கிரீடமும், தோளில் அணியும் புஜகீர்த்தியும் செய்து பழக மரம், வண்ணம், கண்ணாடித் துண்டுகளுக்கு ரூ. 25,000. ஆக மொத்தம் ரூ. 6,53,200. ஊருக்குள் வீடு வீடாகச் சென்றதில் இதுவரை ரூ. 1,48,000 சேர்ந்திருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் தந்த ஐம்பதும் நூறும் அதில் அடக்கம். இன்னும் ரூ. 5,05,200 தேவை.

முழுத் தொகையையும் ஒருவரே தரவேண்டியதில்லை. ரூ. 1,200 தந்தால் ஒரு நாள் கூத்து வகுப்பு நடக்கும், ரூ. 18,000 தந்தால் ஆசிரியருக்கு ஒரு மாத ஊதியம். நல்ல நிலையில் இருக்கும் ஆர்மோனியமோ மிருதங்கமோ வீட்டில் சும்மா கிடந்தால் அதையும் அன்போடு பெற்றுக்கொள்வோம். ஊரைவிட்டுச் சென்னை, பெங்களூரு, ஓசூர் என்று குடியேறிய முன்னாள் மாணவர்களிடம் உரிமையோடு கேட்கிறோம்: நீங்கள் படித்த பள்ளி இது, உங்கள் பங்கு இதில் இருக்க வேண்டும்.

நன்கொடையைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டுமே பெறுகிறோம். உறுப்பினர் எவரது தனிக் கணக்குக்கும் அனுப்ப வேண்டாம். நேரில் தருவோர் பள்ளி வேலை நேரத்தில் தலைமையாசிரியர் அறையில் தந்து, எண்ணிட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். மழைக்கு முன் கூரை ஏறவேண்டும் என்பதால் கொட்டகைக்கான தொகை சித்திரை முடிவதற்குள் வந்துவிட்டால் பேருதவியாக இருக்கும். மற்றவற்றை ஆண்டு முழுவதும் தவணையாகவும் தரலாம்.

இங்ஙனம்,
நாடகக் கல்விக் குழுவினர்